மகன் ஏர்சொஃப்ட் சங்கத்தில் செயலாளர்: தடுக்கவா, விடவா?

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய மகனுக்கு 23 வயது, இங்கேயே பிறந்தவர். நாலு வருடமாக ஏர்சொஃப்ட் விளையாடுகிறார். 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டு சுடும் துவக்குகள், பார்வைக்கு அசல் துவக்குப் போலவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே ஒரு மைதானத்தில் இரண்டு அணியாகப் பிரிந்து விளையாடுவார்கள். 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த சி-21 சட்டமூலம் இந்தத் துவக்குகளின் விற்பனையை நிறுத்தப் பார்த்தது. பிறகு அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. "அது திரும்ப வரும், அதற்கு முதல் நாங்கள் சங்கமாக வேண்டும்" என்று நண்பர்கள் முடிவெடுத்து, மகனைச் செயலாளராக்கியிருக்கிறார்கள். மனுவுக்குக் கையெழுத்துச் சேர்ப்பது, எம்.பி.க்களைச் சந்திப்பது, ஒட்டாவாவில் ஊர்வலம் என்று பெரிய திட்டம். ஊர்வலத்துக்கு முழு உடுப்போடும் துவக்குகளோடும் போகப் போகிறார்களாம்.

தாய் எழுதுகிறார்: "தங்கச்சி, பெயர்ப்பட்டியல் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். என் தம்பியை ஊரில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டுதான் தேடி வந்தார்கள். இவன் தன் பெயரையும் ஃபோன் நம்பரையும் போட்டுக் கடிதம் எழுதுகிறான். நான் இத்தனை வருடமும் பிஆரிலேயே (நிரந்தர வதிவுரிமையிலேயே) இருந்துவிட்டு இப்போதுதான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இவனுடைய அரசியலால் அதற்கு ஏதும் நடக்குமா? கேட்டால், 'இது விளையாட்டுச் சாமான் அம்மா, துவக்கே இல்லை, வைத்திருப்பது எங்கள் உரிமை' என்கிறான். என்னையும் மனுவில் கையெழுத்துப் போடச் சொல்கிறான். தடுக்கவா, விடவா?"

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகன் சங்கம் அமைப்பதையும், மனுப் போடுவதையும், எம்.பி.யிடம் போவதையும் தடுக்காதீர்கள். துவக்கோடு ஊர்வலம் போவதை மட்டும் எப்பாடுபட்டாவது நிறுத்துங்கள். முதலாவது அவருடைய உரிமை. இரண்டாவது அவரைக் குற்றவியல் நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

"துவக்கே இல்லை" என்பது சரியா?

முழுக்கச் சரியில்லை. அவர் வயதுப் பிள்ளைகள் பலர் இதை நம்பியிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கனடாவின் குற்றவியல் சட்டக்கோவையில் 'துவக்கு' என்பதற்குள்ள விளக்கம், ஒருவருக்குக் கடுமையான காயமோ மரணமோ விளைவிக்கக்கூடியதா என்பதைப் பொறுத்தது. வெடிமருந்து இருக்க வேண்டும் என்றில்லை. காற்றுத் துவக்குகள் இந்த விளக்கத்துக்குள் வரும் என்று 2014இல் டன் என்பவரின் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. வினாடிக்கு 214 அடி வேகத்தைத் தாண்டினால் குண்டு கண்ணைக் கடுமையாகக் காயப்படுத்தும் என்ற நிபுணர் சாட்சியம் அந்த வழக்கில் முக்கியமாக இருந்தது. உங்கள் மகனின் துவக்கு அதைவிட வேகமாகத்தான் சுடும். அதனால்தான் மைதானத்தில் கண்ணாடி இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள்.

அப்படியானால் உரிமம் ஏன் கேட்பதில்லை? வினாடிக்கு 500 அடி வேகத்தை, அல்லது 5.7 ஜூல் சக்தியைத் தாண்டாத துவக்குகளுக்கு உரிமம், பதிவு போன்ற குறிப்பிட்ட சில பிரிவுகளிலிருந்து மட்டும் சட்டம் விலக்குத் தருகிறது. கவனக்குறைவாகப் பாவிப்பது, ஆளை நோக்கி நீட்டுவது, மறைத்துக்கொண்டு திரிவது, பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோவது ஆகிய பிரிவுகள் அந்த விலக்கில் இல்லை. இந்தக் கடைசியை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

இதில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. அசல் துவக்குப் போலவே இருந்து, ஆனால் துவக்கு என்று சொல்லும் அளவுக்குச் சக்தி இல்லாதது 'போலித் துவக்கு'. அது தடைசெய்யப்பட்ட சாதனம், இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. எல்லைச் சேவையினர் 0.20 கிராம் குண்டுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 366 அடி என்பதைக் கோடாக வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே சுடுவது தடை, அதற்கு மேலே 500 வரை சுடுவது கடையில் கிடைக்கும். மெதுவாகச் சுடுவதைத் தடுத்து வேகமாகச் சுடுவதை விடும் சட்டம் இது. விளையாட்டுக்காரர்கள் இவ்வளவு காலமும் இந்த 366க்கும் 500க்கும் இடைப்பட்ட ஓட்டைக்குள்தான் நின்றிருக்கிறார்கள். அரசு கைவைக்க முயன்றதும் அங்கேதான்.

"வைத்திருப்பது எங்கள் உரிமை" என்று மகன் சொல்வது அமெரிக்கக் காணொளிகளிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த அரசியலமைப்பு உரிமை கனடாவில் இல்லை. 1993இல் ஹாசல்வாண்டர் வழக்கில் எங்கள் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது. இருப்பது வேறு உரிமைகள்: கருத்துச் சொல்ல, அமைதியாகக் கூட, சங்கம் சேர. உரிமைகள் சாசனத்தின் 2ஆம் பிரிவு இவற்றை 'எல்லோருக்கும்' தருகிறது. குடிமக்களுக்கு மட்டுமல்ல. உங்களுக்கும் உண்டு.

சி-21இல் உண்மையில் நடந்தது

2022 மே 30 அன்று சி-21 பாராளுமன்றத்துக்கு வந்தது. கைத்துவக்குகளை முடக்குவதுதான் அதன் பெரிய செய்தி. அதற்குள் ஒரு சிறிய பிரிவு: அசல் துவக்கைப் போலவே தோற்றமுள்ள, 500 அடிக்கு உட்பட்ட துவக்குகளை இனி இறக்குமதி செய்ய, ஏற்றுமதி செய்ய, விற்க, கைமாற்ற முடியாது. வீட்டில் இருப்பதை வைத்திருக்கலாம். ஆனால் தம்பிக்குக் கொடுத்தால்கூட அது கைமாற்றம். மைதானங்களும் கடைகளும் இதை மரண அறிவித்தலாகப் பார்த்ததில் வியப்பில்லை.

விளையாடுபவர்களும் கடைக்காரர்களும் சட்டமூலத்தைப் பரிசீலித்த பாராளுமன்றப் பொதுப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினார்கள், தங்கள் தொகுதி எம்.பி.க்களைத் தேடிப் போனார்கள். எதிர்க்கட்சிகளில் அவர்களுக்காகப் பேச ஆட்கள் கிடைத்தார்கள், புதிய ஜனநாயகக் கட்சியிலும்கூட. 2023 மே மாதம் குழு சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாகப் பார்த்தபோது அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. மிச்சச் சட்டமூலம் 2023 டிசம்பர் 15 அன்று சட்டமாகியது. ஆக, உங்கள் மகனின் நண்பர்கள் ஒன்றும் இல்லாததைக் கற்பனை செய்யவில்லை. எழுதினால் கேட்பார்கள் என்பதைக் கண்டவர்கள் அவர்கள். 366க்கும், 500க்கும் நடுவிலுள்ள இடம் இன்னும் அப்படியே கிடப்பதால், எந்த அரசும் நாளைக்கு அதே பிரிவைத் திரும்பக் கொண்டுவரலாம் என்பதும் உண்மை.

ஆனால் மறுபக்கத்தையும் மகன் பார்க்க வேண்டும், அதுவும் ஸ்காபரோவில் இருந்துகொண்டு. 2022 மே 26, அந்தச் சட்டமூலம் வருவதற்கு நாலே நாள் முன்னர், எங்கள் போர்ட் யூனியன் பகுதியில் துவக்கோடு ஒருவர் நடந்து போகிறார் என்று பொலிஸுக்கு அழைப்புப் போனது. ரெக்சாஸில் யுவால்டி பள்ளியில் பிள்ளைகள் கொல்லப்பட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அருகிலிருந்த பள்ளிகளைப் பூட்டினார்கள். பொலிஸ் சுட்டதில் அந்த மனிதர் இறந்தார். அவரிடம் இருந்தது பெலட் துவக்கு, அதாவது சிறு குண்டு சுடும் காற்றுத் துவக்கு என்று, பொலிஸ் சுட்ட சம்பவங்களை விசாரிக்கும் பிரிவு பிறகு சொன்னது. அமெரிக்காவின் கிளீவ்லண்டில் 2014 நவம்பரில் 12 வயது தமீர் றைஸ் பூங்காவில் வைத்திருந்தது ஏர்சொஃப்ட் துவக்கு. பொலிஸ் வண்டி வந்து நின்ற சில வினாடிகளில் அந்தப் பிள்ளை சுடப்பட்டான்.

போலியை அசலிலிருந்து பிரித்துப் பார்க்கத் தங்களுக்கு நேரமில்லை என்று பொலிஸ் தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பயத்தை மதிக்காமல் "எங்கள் விளையாட்டை விடுங்கள்" என்று மட்டும் சொல்லும் சங்கம் எந்தக் குழுவின் முன்னும் எடுபடாது.

பெயர்ப்பட்டியல்

இதைப் பற்றி உங்களோடு ஆறுதலாகக் கதைக்க விரும்புகிறேன். நீங்கள் எழுதிய அந்த வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தை வைத்துவிட்டேன். சுற்றிவளைப்பையும் பட்டியலையும் கண்டவர்களுக்குக் கையெழுத்து வெறும் மையில்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது விளங்காது. நீங்கள் சொல்லாமல் விளங்கவும் மாட்டாது.

பாராளுமன்றத்தின் இணைய மனு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மனுவைத் தொடங்குபவருக்கு ஐந்து பேர் ஆதரவு வேண்டும். ஒரு எம்.பி. அதை அனுமதிக்க வேண்டும். 30 முதல் 120 நாள் வரை திறந்திருக்கும். 500 செல்லுபடியான கையெழுத்துச் சேர்ந்தால் சபையில் சமர்ப்பிக்கலாம். அரசு 45 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் இணையத்தில் வராது. எந்த மாகாணத்திலிருந்து எத்தனை பேர் என்ற எண்ணிக்கைதான் வரும். கனடாவில் வசிக்கும் எவரும் கையெழுத்திடலாம், குடியுரிமை வேண்டாம். எனவே உங்களால் முடியும். போடத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மனம் வந்தால் போடுங்கள். தனியார் தளங்களில் இலட்சம் பேர் கையெழுத்திட்டாலும் சபையில் அது மனுவாகாது. மகனின் குழு அங்கே நேரத்தை வீணாக்கிக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள்.

உங்கள் குடியுரிமை விண்ணப்பத்தில் பார்ப்பது முக்கியமாக ஐந்து வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்தீர்களா, வரி தாக்கல் செய்தீர்களா, உங்கள் மீது குற்றச்சாட்டோ தண்டனையோ இருக்கிறதா என்பவற்றை. மகன் எம்.பி.க்குக் கடிதம் எழுதியதை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். நீங்களே எழுதினாலும் அது குற்றமில்லை. எம்.பி.யின் தொகுதி அலுவலகம் வாக்கில்லாத உங்களுக்கும் உரியதுதான்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மகனுக்கு உணர்த்துங்கள். கடிதத்தில் பெயர் இருப்பதால் ஒன்றுமில்லை. இராணுவ உடுப்போடும் துவக்கோடும் எடுத்த படத்தைப் பெயரோடு எல்லோரும் பார்க்கப் போடுவது வேறு. வேலைக்கு எடுப்பவர் பார்ப்பார், நாளைக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயும் ஒருவர் பார்க்கலாம். அந்தப் படத்துக்குக் கீழே "இது விளையாட்டு" என்று நின்று விளக்க அவரால் முடியாது.

ஊர்வலத்துக்குத் துவக்கு வேண்டவே வேண்டாம்

சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு: சட்டபூர்வமான காரணமில்லாமல் பொதுக்கூட்டத்துக்கு, அல்லது அதற்குப் போகும் வழியில், ஆயுதம் கொண்டுபோவது குற்றம். குண்டு போட்டிருக்கிறதா, பற்றரி கழற்றியிருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் மகன் நினைப்பது போல அவரைக் காப்பாற்றாது. முன்னே சொன்ன வழக்கின்படி அது துவக்கு, துவக்கு என்றால் ஆயுதம். "எங்கள் விளையாட்டைக் காட்டத்தானே கொண்டுபோனோம்" என்பதைச் சட்டபூர்வமான காரணமாக ஒரு நீதிபதி ஏற்பார் என்று நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பந்தயம் வைக்க நான் ஆயத்தமில்லை. அதற்கும் முதல், போகும் வழியில் ஒருவர் கண்டு 911ஐ அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் போர்ட் யூனியன் சாட்சி.

சட்டத்தைத் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும். 2009 மே 10, அன்னையர் தினம். முள்ளிவாய்க்காலில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ரொறன்ரோவில் எங்கள் சனம் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி நின்றது. நானும் நின்றேன். இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை, வேறு வழி தெரியாமல் நின்றோம். ஆனால் அடுத்த நாள் நகரத்தில் பலர் கதைத்தது மறிபட்ட வீதியைப் பற்றி. நாங்கள் எதற்காக ஏறினோம் என்பது இரண்டாவது கதையாகிவிட்டது. என்ன கொண்டுபோகிறோம், எங்கே நிற்கிறோம் என்பது, நாங்கள் சொல்ல வந்ததை மூடிவிடும் என்பதை அன்று நேரில் பார்த்தேன். ஒட்டாவாவில் இருபது பேர் துவக்குப் போன்ற ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றால், அந்த ஒரு படம் போதும். தடை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எனவே ஊர்வலத்துக்குப் பதாகையோடு போகட்டும். இராணுவ உடுப்பும் வேண்டாம், சங்கத்தின் பெயர் போட்ட ரீசேர்ட் போதும். எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போகும்போதும் அப்படித்தான். "காட்டி விளக்க" ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போகிற யோசனை யாருக்காவது இருந்தால் அன்றைக்கே கைவிடச் சொல்லுங்கள்.

சங்கம், காசு, கட்சி

இதில் சிக்கல் குறைவு. ஒன்ராறியோவில் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும், இரண்டு பேர் கையெழுத்தும், காப்புறுதியும் இருக்கட்டும். மகனின் சொந்தக் கணக்கில் காசு சேர்க்கவே கூடாது. எம்.பி.க்களோடு கதைப்பதற்கு, சம்பளமில்லாத தொண்டர்கள் பரப்புரையாளராகப் பதிய வேண்டியதில்லை. யாருக்காவது சம்பளம் கொடுக்கத் தொடங்கினால் அப்போது கேளுங்கள்.

கட்சிகளுக்குக் காசு என்று வந்தால் கவனம். மத்தியக் கட்சிகளுக்குக் குடிமக்களும் பிஆர் உள்ளவர்களும் தனி ஆளாக மட்டுமே கொடுக்கலாம். 2025இல் ஒரு கட்சிக்கு வருடத்துக்கு 1,750 டொலர்தான் உச்சமாக இருந்தது. சங்கம் உறுப்பினர்களிடம் சேர்த்துச் சங்கத்தின் பெயரில் கொடுப்பது சட்டவிரோதம். தேர்தல் காலத்தில் விளம்பரத்துக்கும் அதுபோன்ற வேலைகளுக்கும் 500 டொலர் செலவானால், சங்கம் 'மூன்றாம் தரப்பாக', அதாவது கட்சியோ வேட்பாளரோ அல்லாத தரப்பாக, தேர்தல் திணைக்களத்தில் பதிய வேண்டும். ஒரே கட்சியின் கொடியின் கீழ் போய் நிற்காமல் இருப்பது நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம். சி-21இல் அந்தப் பிரிவு விழுந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகளில் காது கொடுத்தவர்கள் இருந்ததால்தான்.

எம்.பி.யிடம் என்ன கேட்பது

"தடை வேண்டாம்" என்பதோடு நிறுத்தினால் போதாது. வேறென்ன செய்யலாம் என்பதையும் மகன் கையில் கொண்டுபோக வேண்டும். மற்ற நாடுகள் வழி காட்டியிருக்கின்றன.

பிரித்தானியாவில் 2006இல் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் வந்தபோது இதே பிரச்சினைதான். அசல் போலத் தோன்றும் போலித் துவக்குகளின் விற்பனைக்குத் தடை. விளையாட்டுக்காரர்களும் வியாபாரிகளும் அரசோடு பேசி, 2007 ஒக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது விதிவிலக்கோடு வந்தது. காப்புறுதி உள்ள மைதானத்தில் விளையாடுபவருக்கு விற்கலாம். வியாபாரிகள் சங்கம் ஒரு பதிவேட்டை வைத்தது. இரண்டு மாதத்துக்குக் குறையாத காலத்தில் மூன்று தரம் விளையாடியவர்தான் அதில் சேர முடியும். மற்றவர்களுக்குப் பளிச்சென்ற நிறத்தில் உள்ளதுதான். பிறகு 2017இல் இன்னொரு சட்டம், தொடர்ந்து சுடுபவற்றுக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுபவற்றுக்கு 2.5 ஜூல் என்று எல்லையை எழுதியே வைத்தது. இந்த விளையாட்டு பிறந்த ஜப்பானில் 2006இலிருந்து எல்லை 0.98 ஜூல். அங்கே விளையாட்டு அழியவில்லை.

என்னைக் கேட்டால், பிரித்தானிய வழியைத்தான் மகனின் சங்கம் மேசையில் வைக்க வேண்டும். 18 வயது எல்லை, மைதானக் காப்புறுதி, உறுப்பினர் பதிவேடு, வீட்டிலிருந்து மைதானம் வரை பூட்டிய பெட்டியில் கொண்டுபோவது, பின்வளவில் சுடுவதில்லை என்ற கட்டுப்பாடு. பின்வளவில் சுடுவதைப் பல நகரசபைகள் ஏற்கனவே தடுத்திருக்கின்றன, அது வேறு. இவற்றைச் சட்டம் கேட்பதற்கு முதலே சங்கம் தன் விதியாக எழுதி நடத்திக் காட்டினால், எம்.பி.யின் முன் உட்காரும்போது கதை மாறும். எம்.பி.யை ஒரு ஞாயிறு மைதானத்துக்கு அழைக்கட்டும். வாசலில் ஒவ்வொரு துவக்கின் வேகத்தையும் அளந்து பார்ப்பதையும், குண்டு பட்டவர் யாரும் கேட்காமல் தானே கையை உயர்த்தி "ஹிட்" என்று சொல்லி வெளியே போவதையும் அவர் தன் கண்ணால் பார்க்கட்டும். நடுவர் காணாத இடத்திலும் தன் தோல்வியைத் தானே சொல்ல வேண்டிய விளையாட்டு அது. அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

அக்கா, எம்.பி.யை அழைப்பதற்கு முதல் உங்களை ஒருநாள் அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த உடுப்பையும் சத்தத்தையும் பார்ப்பது கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாலும் போதும். போகும் வழியில், தம்பியைத் தேடி வந்த அந்தப் பட்டியலைப் பற்றி மகனுக்குச் சொல்லுங்கள். அவர் இதுவரை கேட்டிருக்க மாட்டார் என்று உங்கள் கடிதத்திலிருந்து நினைக்கிறேன். அப்புறம், ஊர்வலத் திகதி முடிவாவதற்கு முன் சங்கத்தின் விதிகளையும் அந்த நாள் திட்டத்தையும் எழுத்தில் எடுத்துக்கொண்டு அவரை என்னிடம் வரச் சொல்லுங்கள். துவக்கை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.